சாய்த்துக் கட்டிய மணிக்கூண்டு

கொத்தனார் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். தொண்ணூற்று மூன்றில், திண்டிவனத்திலிருந்து முகையூர்ப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு. வந்த வாரமே தெரிந்துவிட்டது, இந்தத் தெருக்காரர்கள் முதலில் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், சுவரைப் பார்ப்பார்கள். என் சித்தப்பா வீட்டு விருந்தில், இலை முன் உட்காருவதற்குள் என் வீட்டுக்காரர் ஒற்றைக் கண்ணை மூடி வாசல் நிலையை அளந்தார். "ஒரு நூலு உள்ள வாங்கியிருக்குது" என்று, நிலை இம்மி சாய்ந்திருப்பதை என் காதில் சொல்லிவிட்டுத்தான் சித்தப்பாவைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா மாமா?" என்றார். ஞாயிறு பூசையிலும் அப்படித்தான். கை கூப்பியிருக்கும், உதடு செபம் சொல்லும், கண் பீடத்துக்கு மேலே இருக்கும் வளைவின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

எனக்கோ கால் ஓரிடத்தில் தரிக்காது. விழுப்புரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கும் வேலை. காலையில் பஸ் ஏறினால் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் காடும் கரும்புக் காடும் ஜன்னலுக்கு வெளியே பின்னால் ஓடும், நான் முன்னால் ஓடுவேன், அந்த ஓட்டம்தான் எனக்குச் சோறு. மதிய இடைவேளையில் நூலகம். திரும்பி வரும்போது பையில் கத்தரிக்காயும் ஒரு புத்தகமும். அந்தப் புத்தகங்களால்தான் இந்தத் தெரு என்னைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

காரணம் கிறிஸ்துமஸ். எல்லா ஊரிலும் குடில் என்றால் வைக்கோல் வேய்ந்த மாட்டுத் தொழுவம். எங்கள் தெருவில் தொழுவத்துக்குப் பின்னால் ஒரு கட்டடம் நிற்கும். உலகம் அறிந்த கட்டடமாக இருக்க வேண்டும். செங்கல் துண்டாலும் சேற்றாலும் கட்டியதாக இருக்க வேண்டும். தெர்மாகோல் என்று யாராவது வாயெடுத்தால் கெட்ட வார்த்தை கேட்டதுபோல் திரும்பிப் பார்ப்பார்கள். அதோடு, நிஜக் கட்டடம் எப்படி எழும்பியது என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு கல் வைக்கமாட்டார்கள். உருவத்தை மட்டும் பார்த்துச் செய்வது பந்தல்காரர் வேலை என்பது அவர்கள் கட்சி. ஆகவே நான் படித்துச் சொல்ல வேண்டும், அவர்கள் சண்டை போட வேண்டும், பிறகுதான் சேறு குழைக்கப்படும்.

எங்கள் தெரு தாஜ்மகால் கட்டிய வருஷம், ஆற்றங்கரை மண்ணில் கிணறு கிணறாக இறக்கி அதன் மேல் அஸ்திவாரம் போட்டார்கள் என்று வாசித்தேன். உள்ளே இருப்பது செங்கல், வெளியே போர்த்தியதுதான் சலவைக்கல் என்றும் வாசித்தேன். தெருவே எழுந்து நின்றது. "பாத்தியா, உள்ள நம்ம செங்கல்லுதான்! ராசாவுக்கு மேல் சட்டதான் பளபளப்பு!" என்று என் வீட்டுக்காரரின் பங்காளி ஒருவர் கத்தினார். தெருவில் வாய் அதிகம் அவருக்கு. மார்கழிப் பனியில் எங்கள் தாஜ்மகால் முட்டை ஓடு மாதிரி மினுங்கியது. பங்குச் சாமியார் வந்து பார்த்தார், மோவாயைத் தடவினார்.

"அழகாத்தான்டா இருக்கு. ஆனா இது சமாதி ஆச்சே. சமாதியிலயாடா பாலன் இயேசுவப் பொறக்க வெச்சிருக்கீங்க?"

பங்காளி யோசிக்கவே இல்லை. "சமாதியில இருந்து எழுந்து வந்தவருதானே சாமி அவரு. பழகின எடம்."

சாமியார் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்றது. ஆனாலும் போகும்போது, அடுத்த முறை கோயில் சம்பந்தமாக ஏதாவது கட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

மண்டகப்பட்டுக் குகையைக் கட்டலாம், இயேசு பிறந்ததும் குகையில்தானே என்று ஒருமுறை நான் சொன்னேன். நாங்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்த இடம்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பாறையைக் குடைந்து எழுப்பியதாகப் பல்லவ ராசா பெருமையாகக் கல்வெட்டில் வெட்டிவைத்திருக்கிறான். அதைச் சொன்னதும் தெருவே முகம் சுளித்தது. "செங்கல்லு வேணாம், சுண்ணாம்பு வேணாம்னா அப்ப கொத்தனாருக்கு இன்னா வேல? இவன் நம்ம பொழப்புக்கே எதிரி" என்று பங்காளி தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முந்திய ராசா எங்கள் தெருக்குழாயடியில் தோற்றுப்போனான்.

இனி என் நாத்தனாரைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் தங்கை, என் வயதுக்காரி, அதே தெருவில் நாலு வாசல் தள்ளிக் கட்டிக்கொடுத்தவள். அவள் புருஷன் விழுப்புரம் மல்லாட்டைக் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். அவளுக்கு அண்ணனிடமே சித்தாள் வேலை. சும்மாடு வைத்துக் கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறுவாள், ஒரு சொட்டுச் சிந்தாது. கொத்தனார்கள் பீடி குடிக்க ஒதுங்கும் நேரத்தில் கரண்டியை எடுத்து இரண்டு கல் வைத்துப் பார்ப்பாள். அண்ணன் வந்து ஒன்றும் பேசாமல் அந்தக் கல்லை எடுத்து மறுபடி வைப்பார். கோணல் இருந்து அல்ல. அவள் வைத்தது என்பதற்காக.

"எனக்கும் கரண்டி குடுணா. நானும் கட்டுறேன்."

"பொம்பள கட்டுன செவுருன்னா எவன்டி உள்ள வந்து படுப்பான்?"

"நீ மட்டும் நான் ஆக்குன சோத்தத் தின்னுட்டுப் படுக்கலியா?"

இது அவர்களுக்குள் வருஷக்கணக்காக நடந்த பேச்சு. அவர் கெட்டவர் அல்லர். பெண் கையில் கலவைச் சட்டி இருப்பதைத்தான் அவர் பார்த்திருக்கிறார், கரண்டி இருப்பதைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அவளுக்கோ அந்த ஒரு பொருள்தான் ஆசை. புடவை கேட்கவில்லை, கம்மல் கேட்கவில்லை. சித்தாளாகவே வாழ்ந்து சித்தாளாகவே கிழவியாகிப்போன பெண்களைச் சாரத்தின் மேலிருந்து காட்டி, "அண்ணி, நான் இப்டி ஆவ மாட்டேன்" என்பாள்.

தொண்ணூற்றொன்பது டிசம்பரில் நான் பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். படத்தைப் பார்த்ததும் தெரு சிலிர்த்தது. கோயில் மணிக்கூண்டு, ஆகவே சாமியாரும் வாயைத் திறக்க முடியாது. எண்ணூறு வருஷத்துக்கு முன்பு ஆரம்பித்து மூன்று மாடி எழும்புவதற்குள் ஒரு பக்கத்து இளமண் அமுங்கிவிட்டது என்றேன். இடையில் சண்டை வந்து வேலை நின்றது, நின்றதே நல்லதாயிற்று, மண் இறுக அவகாசம் கிடைத்தது என்றேன். அந்த வருஷம் அங்கே கோபுரத்தைப் பூட்டிவைத்து, சாயாத பக்கத்து மண்ணை அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் துளைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பக்கம் இறங்கினால் கோபுரம் சற்றே நிமிரும் என்று. அதையும் செய்தித்தாளில் பார்த்துச் சொன்னேன்.

"அங்க நிமித்துறான், இங்க நாம சாய்க்கிறோம். கணக்கு சரியாப் போச்சி" என்றார் பங்காளி.

வேலை தொடங்கியது. தெருவுக்கு மேஸ்திரியான என் வீட்டுக்காரர்தான் கரண்டி பிடித்தார். சாய்வுக்கு ஒரு குச்சியை நட்டு, அதன் ஓரமாகவே வட்டமாகக் கல் அடுக்கினார். இரண்டு மாடி ஒழுங்காகச் சாய்ந்தது. மூன்றாவதில் அவர் நெற்றி சுருங்கியது. நாலாவதில் கை தானாக ஒரு பக்கம் கலவையைத் தடிப்பாகப் போட்டது. அஞ்சாவதில், யாரும் கேட்காமலே, பையிலிருந்து நேர் பார்க்கும் தூக்குக்குண்டு வெளியே வந்தது. சாயங்காலம் பார்த்தால் கோபுரம் கீழே சாய்ந்து மேலே நிமிர்ந்து நின்றது.

"இன்னா மேஸ்திரி, வாழப்பழம் கட்டிக்கினு இருக்கே?" என்றார் பங்காளி.

நான் புத்தகத்தைப் புரட்டினேன். அடக்கமுடியாத சிரிப்போடு வாசித்தேன். பைசாவிலும் அப்படியே நடந்திருக்கிறது. பின்னால் வந்த கட்டுமானக்காரர்கள் சாய்வைப் பொறுக்கமாட்டாமல், அமுங்கிய பக்கத்தை உயர்த்திக் கட்டிச் சரிசெய்யப் பார்த்திருக்கிறார்கள், அதனால் நிஜக் கோபுரமே லேசாக வளைந்துதான் நிற்கிறது. தெருவில் ஒரே ஆரவாரம். "எந்த ஊரா இருந்தாலும் கொத்தனாரு கொத்தனாருதான்யா!" கடல் தாண்டி, எண்ணூறு வருஷம் தாண்டி, யாரோ ஒருவர் கையும் என் வீட்டுக்காரர் கையும் ஒரே அரிப்பு அரித்திருக்கின்றன. எனக்குக் கண் கலங்கியது, சிரித்துக்கொண்டே.

ஆனால் நிஜக் கோபுரத்தின் வளைவு கண்ணுக்குப் பிடிபடாத வளைவு. எங்களுடையது நல்ல மொந்தன் பழம். அவரே அதைப் பிரித்துப்போட்டார். மறுநாள் மறுபடி கட்டினார், மறுபடி பழம். மூன்றாவது முறை பங்காளி கட்டினார், அவருக்கு இரண்டாவது மாடியிலேயே கை துடித்தது. பிறந்ததிலிருந்து நேராகக் கட்டிய கைகள். கோணலாகக் கட்டச் சொன்னால் எங்கே போகும்?

அப்போதுதான் நாத்தனார் சொன்னாள். "நான் கட்டுறேன்."

"நீயா?"

"சாமியாரு வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் சாய்ஞ்சே நிக்கும். நின்னுச்சின்னா அடுத்த வேலையில என் கையில கரண்டி. எல்லாரும் கேட்டுக்குங்க."

"விழுந்துச்சின்னா?"

"விழுந்துச்சின்னா நான் கரண்டின்னு வாயத் தொறக்க மாட்டேன், செத்தாலும்."

என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி. எல்லாரு முன்னாடியும் சொல்றேன். சரி."

அவள் முதலில் கல்லைத் தொடவே இல்லை. இரண்டு சின்னச் சாக்கில் காய்ந்த மணலை நிரப்பித் தைத்தாள். பக்கத்துப் பக்கத்தில் படுக்கவைத்து, மேலே ஒரு கடப்பாக்கல் பலகையை மட்டம் பார்த்து வைத்தாள். பிறகு அதன்மேல் கட்டினாள். நேராக. தூக்குக்குண்டு பிடித்து, சேற்றில் ஒரு பிடி சிமென்ட் சேர்த்து, அண்ணனே பொறாமைப்படும் அளவுக்கு நேராக. மாடிக்கு மாடி தூண்களுக்குக் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்திகள். என் தலைக்கு மேல் ஒரு சாண் உயரம். வெள்ளையடித்ததும் வெயிலில் பால் பொங்கி நின்றது போலிருந்தது.

ஆண்கள் வந்து சுற்றிப் பார்த்துச் சிரித்தார்கள். "இதுக்குத்தானா இவ்ளோ சவடாலு? நீயும் நேராத்தானே கட்டியிருக்கே?"

"காயட்டும், பொறுங்க" என்றாள்.

எனக்கு மட்டும் சொன்னாள். "அண்ணி, மண்ண எடுத்தா அங்க நிமிருதுன்னு படிச்சீங்களே, நிமிர்றதுக்கு எடுக்கலாம்னா சாயறதுக்கும் எடுக்கலாமே."

இருபத்து மூன்றாம் தேதி மாலை, கூட்டத்தை நிறுத்திவைத்து, கிழக்குப் பக்கத்துச் சாக்கின் ஓரத்தைப் பிளேடால் கீறினாள். மணல் மெல்லிய கோடாக ஒழுகியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கோபுரம், தூக்கத்தில் தோளில் சாயும் பிள்ளை மாதிரி, ஒரே துண்டாக, அவ்வளவு நிதானமாகச் சாய்ந்தது. அவள் கீறலை ஈரச்சேற்றால் அடைத்தாள். நின்றுவிட்டது. நான் கத்தினேன், பெண்கள் கத்தினார்கள், பங்காளி விசில் அடித்தார். என் வீட்டுக்காரர் மட்டும் கோபுரத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி, பல்லில் ஏதோ சிக்கிக்கொண்டது மாதிரி நின்றார்.

மறுநாள் காலை பெண்கள் எல்லோரும் கோயிலைக் கழுவப் போய்விட்டோம். மத்தியானம் திரும்பி வந்தால் கோபுரம் நேராக நிற்கிறது. கம்பம் மாதிரி. பக்கத்தில் கடப்பாரை. பலகைக்கும் சாக்குக்கும் நடுவில் ஒரு மர ஆப்பு. எதிரில் என் வீட்டுக்காரர், கையைத் தட்டிக்கொண்டு, திருப்தியாக.

நாத்தனார் கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது. "இன்னாணா பண்ணி வெச்சிருக்கே?"

அவர் கோபுரத்தைப் பார்த்தார். கடப்பாரையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போவதை நான் பார்த்தேன்.

"மண்ணு எறங்கிக்கினே இருந்துச்சிம்மா... கொயந்தைங்க வெளையாடுதுங்களே, மேல விழுந்துடப் போவுதேன்னு..."

"சாய்ஞ்ச கோபுரம்ணா அது! சாயணும்!"

"தெரியும்... கை தானாப் போயிடுச்சி."

"வேணும்னேதான் பண்ணினே. கரண்டி குடுக்கக் கூடாதுன்னு."

"மாதா சத்தியமா இல்லடி!" நாற்பதை நெருங்கும் மனிதர், தெருவே பார்க்க, திருடிப் பிடிபட்டவர் மாதிரி நின்றார். நான் அவரோடு குடித்தனம் செய்கிறவள், எனக்குத் தெரியும். அந்தக் கை விருந்து வீட்டுப் படத்தையும், டீக்கடைப் பலகையையும், அடுத்தவர் வீட்டுக் காலண்டரையும் கேட்காமல் நிமிர்த்துகிற கை. ஆனால் அதை இப்போது யாரிடம் சொல்வது? தெருமுனையில் சாமியாரின் வண்டிச் சத்தம் கேட்டுவிட்டது.

சாமியாரும் பள்ளிக்கூட சிஸ்டர் ஒருவரும் இறங்கி வந்தார்கள். "தோத்திரம் சாமி" என்று தெரு முணுமுணுத்தது. குடிலில் சூசையப்பர் இருந்தார், மாதா இருந்தார், களிமண் ஆடுகள் இருந்தன. பாலன் நள்ளிரவுப் பூசைக்குப் பிறகுதான் வருவார். சாமியார் அண்ணாந்து பார்த்தார்.

"இதென்னடா, தண்ணி டேங்கா?"

நாத்தனார் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "சாமி, நாலு தப்படி தள்ளி நில்லுங்க. சிஸ்டர், நீங்களும்." பிறகு திரும்பாமலே சொன்னாள்: "எங்கண்ணன் கையப் புடிச்சிக்குங்க யாராச்சும்."

"அதெல்லாம் புடிச்சா ஆவாது" என்று பங்காளி துண்டை எடுத்தார். என் வீட்டுக்காரர் தானாகவே கையைப் பின்னால் நீட்டினார். "கெட்டியாக் கட்டுடா" என்றார்.

அவள் மண்டியிட்டு, சுத்தியால் ஆப்பை ஓரத்திலிருந்து தட்டினாள். டொக். டொக். ஒவ்வொரு தட்டுக்கும் மெழுகுத் தூண்கள் நடுங்கின. ஆப்பு பாதி வந்தது. கோபுரம் ஒரு முனகல் முனகியது, நிஜமாகவே. மேல்மாடியிலிருந்து ஒரு மெழுகுவர்த்தி உருண்டு விழுந்து ஓர் ஆட்டைச் சாய்த்தது. சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை, அவசரப்படவும் இல்லை. கடைசித் தட்டில் ஆப்பு கழன்றது. கோபுரம் சாய்ந்தது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

நின்றது.

பின்னால் கை கட்டிய என் வீட்டுக்காரர், தன்னையறியாமல், கோபுரம் சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தானே சாய்ந்து நின்றார். அதைப் பார்த்துத்தான் முதல் சிரிப்பு கிளம்பியது. பிறகு கைத்தட்டல், பிறகு யாரோ பட்டாசைக் கொளுத்தினார்கள்.

"விழுந்துராதேம்மா?" என்றார் சாமியார்.

"எங்கண்ணன் தள்ளி நிக்கிற வரைக்கும் விழாது சாமி."

சாமியார் சுற்றி வந்து பார்த்தார். "நெஜமாவே பைசாவேதான்டா. யாரு கட்டினது?"

அந்தக் கேள்விக்கு முன்னால் கோபுரம் சாய்ந்தது ஒன்றுமேயில்லை. எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். எங்கள் தெருவில் கட்டியவர் யார் என்பதை மேஸ்திரிதான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. அவர் கட்டிய கையோடே சொன்னார்: "எங்க தங்கச்சி சாமி. கொத்தனாரு."

அவள் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். என் ரவிக்கையெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு.

சொன்னாரே தவிர, தை பிறந்தும் அவர் சாக்குப்போக்கு ஓயவில்லை. இப்போது பூச்சு வேலைதான், கட்டு வேலை வரட்டும். இது பழைய பார்ட்டி, புதுப் பார்ட்டி வரட்டும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் சோறு கட்டிக்கொண்டு அவர் சைக்கிள் பக்கத்தில் வந்து நிற்பாள், அவ்வளவுதான். அந்த நிற்பைத் தாங்க யாராலும் முடியாது. திண்டிவனத்தில் என் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு வேலை வந்தது, அஸ்திவாரத்திலிருந்து. அங்கே கரண்டியைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவள் கட்டிய வீடுகள் ஏராளம். இன்று விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் போனால் நான் ஜன்னல் பக்கம் விடாமல் உட்காருவேன். இது அவள், அது அவள், அந்தப் பச்சை மாடி அவள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போவேன். பக்கத்துச் சீட்டுக்காரர்கள் எழுந்து வேறிடம் போய்விடுவதும் உண்டு. அந்த வீடுகளுக்குள்ளே ஜனங்கள் நன்றாகத்தான் படுத்துத் தூங்குகிறார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்த முதல் நாள்தான். தை அமாவாசை. இரண்டு சித்தாளும் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நான் அம்மா வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கூடையோடு போனேன். நாத்தனார் முதல் வரிசை முடித்து இரண்டாவது வரிசையில் இருந்தாள். கல்லைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, முகம் பார்த்து, வைத்து, கரண்டிக் காம்பால் தட்டினாள். வெயில் அவள் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. கலவை தீர்ந்துபோனது. அவள் நிமிரவில்லை, திரும்பவில்லை, எல்லாக் கொத்தனார்களும் கத்துகிற மாதிரியே கத்தினாள்:

"கலவ!"

சுற்றிலும் பார்த்தேன், யாருமில்லை. மணல் குவியலுக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்தார். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் சட்டி. பழக்கமில்லாத கழுத்து ஆடியது. கலவை காதோரமாக ஒழுகி மீசைக்கு வந்துகொண்டிருந்தது.

"ஜல்தியா வாணா, நூலு புடிச்சிக்கினு எவ்ளோ நேரம் குந்திக்கினு இருக்கறது?"

"வர்றேன்மே, பறக்காத!" என்றார் அவர். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். சிரிப்பில் சட்டி இன்னும் கொஞ்சம் சிந்தியது.